மூன்றாவது வயர்

நான் என்ன படிக்கிறேன் என்று யார் கேட்டாலும் அப்பா ஒரே பதில்தான் சொல்வார்: "பாப்பா ஹார்ட்டுக்குப் படிக்குது." அதற்கு மேல் ஒரு சொல் கூட்டமாட்டார். மாத்தளை டவுனில் மிளகாயும் மஞ்சளும் மல்லியும் அரைத்துக் கொடுக்கிற மில்லில் இந்த விளம்பரம் தாராளமாகப் போதும். பல்லேபொலையிலிருந்து மஞ்சள் அரைக்க வந்த ஓர் அம்மா, அடுத்த தடவை மஞ்சளோடு வீட்டுக்காரரின் ஈ.சி.ஜி. தாளையும் கொண்டுவந்தார். கலேவெலையிலிருந்து வந்தவர் தாளெல்லாம் கொண்டுவரவில்லை, நேரே சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார். நான் டொக்டர் இல்லை, எனக்கு அதெல்லாம் பார்க்கத் தெரியாது என்று சிங்களத்தில் விளக்கினேன். அவர் பொத்தானைப் போட்டுக்கொண்டு, படித்த பிள்ளைகளுக்குத் தலைக்கனம் வருவது சகஜம்தான் என்று அப்பாவுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அப்பாவும் தலையை ஆட்டினார்.

நான் படித்தது வேறு. இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் தோலின் மேல் கொஞ்சூண்டு மின்சாரம் தட்டுப்படும். டோர்ச் பட்டரி தருவதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதைப் பிடித்து, பெரிதாக்கி, கோடாகக் காட்டுகிற சர்க்கியூட்டை வடிவமைப்பதுதான் என் ஆராய்ச்சி. அதுவும் மலிவாக, கையடக்கமாக, தோட்டத்து டிஸ்பென்சரியிலும், வில்கமுவ மாதிரி பஸ்ஸைக் கண்டால் கையெடுத்துக் கும்பிட வேண்டிய இடங்களிலும் பாவிக்கக்கூடியதாக. விண்ணப்பத்தில் அப்படித்தான் எழுதியிருந்தேன். ஏழை எளியவர்களை நடுவில் இரண்டு வரி சேர்த்தால் விண்ணப்பத்துக்கு ஒரு களை வந்துவிடும்.

இதில் ஒரு தொல்லை உண்டு. நாம் இருக்கிற அறையின் சுவரிலும் கூரையிலும் ஓடுகிற கரண்டு, நம்மைக் கேட்காமலே நம் உடம்பிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். ஷாக் அடிக்காது, தெரியவும் தெரியாது. ஆனால் இதயம் தருவதைவிட அது பல மடங்கு பெரியது. தேர்த் திருவிழாவில் ஒலிபெருக்கிக்குக் கீழே நின்றுகொண்டு பக்கத்து ஆளின் கைக்கடிகாரச் சத்தத்தைக் கேட்கிற வேலைதான் இது. அந்த இரைச்சலை விலக்கி இதயத்தை மட்டும் கேட்கச் செய்வதில்தான் முழுப் படிப்பும் இருக்கிறது. நான் அதில் இரண்டு வருஷத்தைப் போட்டிருந்தேன்.

சொந்தபந்தங்கள் இதை எளிதாக்கித் தர முன்வந்தார்கள். கொழும்பில் சொஃப்ட்வெயர் கம்பனியில் இருக்கிற மாமா மகன், "ஏன் இந்தத் தலவலி? ஒரு ஆப் செஞ்சா முடிஞ்சிருச்சே" என்பார். இதயம் அந்த ஆப்புக்குள் எந்த வழியாகப் போகும் என்று கேட்டேன். "புளூடூத்" என்றார். கோயிலில் இருந்து, ஆம்ப்ளிஃபயர் கொர்ரென்று இரைகிறது, வந்து பார்க்கச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். இரைச்சலைப் பற்றி இரண்டு வருஷம் படித்தவள் என்ற முறையில் போய்ப் பார்த்து, ஆமாம், இரைகிறது என்று உறுதி செய்துவிட்டு, பிரசாதம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அப்பாவுக்கு என் படிப்பைப் பற்றி ஒரே கேள்விதான் இருந்தது: "இது எப்ப முடியும்?" டவுன் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞான டீச்சருக்கு ஒரு வெற்றிடம் இருந்தது. அப்பா அதிபரிடம் பேசி வைத்திருந்தார். அந்த வெற்றிடத்தை மில்லில் அரைக்கக் கொடுத்துவிட்டு எடுக்க வராத மூட்டையைப் பற்றிப் பேசுவதுபோல வாரா வாரம் எடுத்துவிடுவார்.

"டீச்சர் வேலன்னா டீச்சர் வேலதான். காலையில போனா பகலுக்கு வீட்டுல. ஹார்ட்ட வச்சிக்கிட்டு நீ என்னா செய்யப் போற?"

"எல்லாருக்கும் இருக்குறதுதானப்பா ஹார்ட்டு."

"இருக்குறவங்க பாத்துக்கிருவாங்க."

இப்படி ஒரு மனிதர். நான் பரீட்சையில் முதலாவது வந்த நாளில் "சரி" என்றார். பல்கலைக்கழகம் கிடைத்த நாளில் "எத்தன மணிக்கு பஸ்?" என்றார். அவருக்கு எதுவும் உறைக்காது என்பதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே சந்தேகமில்லை. எனக்கு அதில் கோபமும் இருந்தது.

ஆராய்ச்சி மாணவர்களுக்கு நடுவழியில் ஒரு வாய்மொழிப் பரீட்சை வரும். வெளியிலிருந்து ஒரு பரீட்சகர் வந்து உட்காருவார். கருவி அவர் கண் முன்னால் வேலை செய்தால், கலாநிதிப் பட்டம் வரைக்கும் தொடரலாம். வேலை செய்யாவிட்டால் உதவித்தொகை நிற்கும், நான் மாத்தளைக்குத் திரும்பி ஆறாம் வகுப்புக்கு ஒளிச்சேர்க்கை படிப்பிப்பேன். ஒளிச்சேர்க்கையோடு எனக்கு விரோதம் ஒன்றும் கிடையாது. ஆனால் எனக்கு இதுதான் வேண்டும். வாழ்க்கையில் வேறெதையும் நான் இவ்வளவு வேண்டியதில்லை.

அந்த நேரம் பார்த்து நாட்டில் எல்லாம் தீர்ந்துபோனது. பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை. பல்கலைக்கழகம் "ஒன்லைன்" என்று சொல்லிவிட்டுக் கதவை மூடியது. ஒன்லைனில் சர்க்கியூட் ஒட்டுவது எப்படி என்பதை யாரும் விளக்கவில்லை. நல்ல வேளையாக நான் அதற்குள் ஆய்வுகூடத்தில் ஒரு சோதனையை முடித்திருந்தேன். சர்க்கியூட்டைத் தகர பிஸ்கட் டின் ஒன்றுக்குள் வைத்து மூடி, இதயம் மாதிரி துடிப்புத் தருகிற சின்னப் பெட்டி ஒன்றைக் கொளுவிப் பார்த்தேன். தகரத்துக்குள் வெளி இரைச்சல் புகாது. பிரமாதமாக வேலை செய்தது. இனி மனிதர்தான் பாக்கி என்று டின்னை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் இருந்த பாட்டியம்மா, அந்தக் காலத்தில் முழு டின் பிஸ்கட் வைத்திருக்கிற வீடு எதுவாக இருக்கும் என்று வழி முழுக்க என்னையே ஆராய்ந்துகொண்டு வந்தார்.

ஆய்வாளர் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் அனுமதிக் குழுவின் விதி. சம்மதம் தருகிற, ஆரோக்கியமான வேறொருவர் வேண்டும். விதிகளை மதிக்கும் குணம் எனக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வந்து தொலைத்தது. அம்மாவைக் கேட்டேன். "உள்ள கெடக்குறது உள்ளயே கெடக்கட்டும்" என்றுவிட்டார். மிஞ்சியவர் அப்பா.

அப்பாவைப் பிடிப்பது லேசில்லை. மின்வெட்டு அட்டவணையை அம்மா பஞ்சாங்கக் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்து, ராகுகாலம் பார்ப்பதுபோல அதைப் பார்த்துத்தான் அரிசி கழுவுவார். நாளில் பாதி நேரம் கரண்டு இல்லை. இருக்கிற நேரத்தில் மில் மோட்டர் நிற்காது. கரண்டு வந்ததும் மில்லுக்கு முன்னால் மூட்டைகளோடு காத்திருக்கும் சனம் ஒரே நேரத்தில் எழும்பும். அப்பா மோட்டருக்கு ஓடுவார், நான் சலிக்கிற இடத்துக்கு ஓடுவேன், அம்மா சோற்றுப் பானைக்கு ஓடுவார். அந்த நேரம் அப்பாவிடம் போய், நெஞ்சைக் காட்டுங்கள் என்று யாராவது சொன்னால் அவரையும் சேர்த்து அரைத்துவிடுவார். கரண்டு போன பிறகுதான் மனிதர் சட்டையைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் கதிரையில் சாய்வார்.

"வா, ஒட்டுறத இப்பவே ஒட்டிக்க. கரண்டு வந்தா எந்திரிச்சிருவேன்."

ஒட்ட வேண்டியவை மூன்று பட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வயர். இரண்டு நெஞ்சில், மூன்றாவது வலது காலில். அந்த மூன்றாவது வயர்தான் காவல்காரன். உடம்பில் ஒட்டியிருக்கும் இரைச்சலுக்கு நேர் எதிரானதை அதன் வழியாகச் சர்க்கியூட் திருப்பி அனுப்பி, அடங்கச் செய்யும். புத்தகங்கள் எல்லாம் இதைத்தான் சொல்கின்றன.

அப்பா புத்தகங்களை ஏற்கவில்லை. "நெஞ்சில ஒட்டு. விபூதிய அழிக்காம ஒட்டு. வேட்டிப் பக்கம் வயர் கியர் ஒன்னும் வரப்படாது."

"வேட்டிக்குள்ள இல்லப்பா. கணுக்காலுக்கு மேல, வெளியில."

"இத்தன சனம் பாத்துக்கிட்டு இருக்க, கால்ல கட்டிப்போட்டு உக்கார வைக்கிறதுக்கு நான் என்னா ஆடா?"

காத்திருந்த சனம் அவர் பக்கம்தான் தலையாட்டியது. நெஞ்சில் இரண்டு வயர் தொங்குவதில் யாருக்கும் ஆட்சேபனை இல்லை, அது படிப்பு. காலில் ஒன்று வந்தால் அது மானப் பிரச்சினை. நான் விபூதிக் கோடுகளுக்கு இடம் விட்டு, தோளெலும்புக்குக் கீழே இரண்டு பட்டைகளை மட்டும் ஒட்டினேன். மூன்றாவதைச் சுருட்டி டின்னுக்குள் போட்டேன். எப்படியும் வேலை செய்யாது, குப்பைதான் வரும், அதைக் காட்டி மல்லுக்கட்டலாம் என்பது என் திட்டம்.

லெப்டொப் திரையில் கோடு வந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒரு துளி இரைச்சல் இல்லை. ஒவ்வொரு துடிப்பும் அச்சில் வார்த்தது போல எழும்பி, இறங்கி, சின்னதாக ஒரு மேடு காட்டிவிட்டு ஓடியது. பாடப்புத்தகத்தில்கூட இவ்வளவு சுத்தமான கோட்டை நான் பார்த்ததில்லை.

"ஓடுதா?" என்றார் அப்பா.

"ஓடுதுப்பா."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த வாரமும் அப்படியே. ஒரு நாள் வில்கமுவையிலிருந்து ட்ரக்டரில் மிளகாய் கொண்டுவந்தவர், கரண்டு வராத கோபத்தை அப்பாவிடம் காட்டினார். கூலியைக் குறைக்கச் சொல்லி, அப்பாவின் முகத்துக்கு நேரே விரலை நீட்டிச் சத்தம் போட்டார். அப்பா நெஞ்சில் வயரோடு அசையாமல் இருந்தார். திரையிலும் அதே நடைதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இந்த மனுஷனுக்கு எதுவும் உறைக்காது என்பதற்கு இப்போது விஞ்ஞான ஆதாரமும் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. உலகம் முழுக்க மூன்று வயரோடு மாரடிக்கும்போது, மாத்தளையில் மஞ்சள் மூட்டைகளுக்கு நடுவில் ஒருத்தி இரண்டிலேயே முடித்துவிட்டாள். இது சர்க்கியூட்டின் திறமை, அதாவது என் திறமை. அறிக்கையில் ஒரு தனி அத்தியாயமே எழுதினேன்: "மூன்றாவது இணைப்பின் அவசியமின்மை." அப்பாவின் மானம் பொறியியல் கொள்கையாக உயர்ந்தது. அதுவரை என்னிடம் பெரிதாக எதையும் எதிர்பார்க்காத என் ஆராய்ச்சி மேற்பார்வையாளர் ஒரே வரியில் கேட்டார், மின் இரைச்சல் எப்படி என்று. "அறவே இல்லை சேர்" என்று எழுதினேன். அவர் அதைப் பெற்றோல் வரிசையில் நின்றுகொண்டு ஃபோனில் வாசித்தார். அந்த நாட்களில் ஒரு நல்ல செய்தி வந்தால் அதைத் துருவித் துருவிக் கேட்கிற தெம்பு யாருக்கும் இருக்கவில்லை.

மாதங்கள் போயின. பல்கலைக்கழகம் திறந்தது. மின்வெட்டு ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் என்று சுருங்கி, சனம் அதையே ஒரு சௌபாக்கியமாகக் கொண்டாடியது. என் பரீட்சைக்கு நாள் குறித்தார்கள். வெளிப் பரீட்சகர் கொழும்பிலிருந்து வருகிற ஒரு பேராசிரியர். அறிக்கையில் உள்ள அதே ஆளை வைத்தே கருவியை இயக்கிக் காட்டச் சொன்னார்.

"ஒரு பகல் முழுக்க மில்ல பூட்டணுமா?" என்றார் அப்பா. பூட்டினார். முந்தின நாள் போய் முடி வெட்டிக்கொண்டு வந்தார். சலவை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெஞ்சில் புதுசாக மூன்று கோடு விபூதி. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பாதி வழியில் வாயைத் திறந்தார்.

"அந்த டீச்சர் வேல இன்னும் யாருக்கும் குடுக்கலையாம்."

பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு உற்சாகம் கொடுக்கத் தெரிந்த தகப்பன். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பரீட்சகர் பெற்றோல் வரிசையில் மாட்டி, பிந்தித்தான் வந்தார். அறையில் ஏ.சி. ஓடியது, கூரையில் வரிசையாக டியூப் லைட், நடுவில் புரொஜெக்டர். எங்கள் மில்லில் அத்தனை கரண்டுச் சாமானை ஒன்றாகப் பார்க்க முடியாது. அப்பா சட்டையைக் கழற்றி, மடித்து, மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். நான் இரண்டு பட்டைகளையும் ஒட்டினேன். என் அத்தியாயத்தைப் பெருமையோடு நான்கு வசனத்தில் சொன்னேன். பிறகு கருவியின் சுவிட்சைப் போட்டேன்.

சுவரில் இதயம் வரவில்லை. பெயின்ட் பிரஷால் ஒரே இழுப்பில் இழுத்தது மாதிரி, கனத்த பச்சைப் பட்டை ஒன்று இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை கிடந்தது.

பட்டைகளை அழுத்தினேன். வயரை மாற்றிக் கொளுவினேன். மேற்பார்வையாளர் மெதுவாக, சார்ஜரைக் கழற்று என்றார். கழற்றினேன். சுவரில் பச்சைப் பட்டை கொஞ்சம் மெலிந்து, மறுபடி தடித்தது.

பரீட்சகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்: "இது இவருடைய இதயமா, இந்தக் கட்டடத்தினுடையதா?"

நான் சிரிக்க முயன்றேன்.

"மூன்றாவது வயர் எங்கே?" மூன்று விரலைத் தூக்கிக் காட்டினார்.

"அது அவசியமில்லை என்று அறிக்கையில்..."

"வாசித்தேன். இந்தப் பதிவுகளை எங்கே எடுத்தீர்கள்?"

"வீட்டில். மில்லில்."

"எப்போது?"

"பகலில்... கரண்டு இல்லாத நேரம்" என்று சொல்லிக்கொண்டே போன வாய் அப்படியே நின்றது. எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. விலக்க வேண்டிய எதிரியை நாடே எனக்காக விலக்கி வைத்திருந்தது. கம்பியில் கரண்டே இல்லாத நேரத்தில், கரண்டின் இரைச்சலை வென்றுவிட்டேன் என்று ஒரு முழு அத்தியாயம் எழுதியிருந்தேன். காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்தது, காக்காய் அதை வைத்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிவிட்டது. மேற்பார்வையாளர் கூரையைப் பார்த்தார். அங்கே டியூப் லைட்டுகள் நன்றாகவே எரிந்துகொண்டிருந்தன.

பரீட்சகர் பிந்தி வந்ததில், அந்தப் பகுதிக்குரிய மின்வெட்டு நேரமும் வந்து சேர்ந்திருந்தது. ஏ.சி. ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. லைட் போனது, சுவர்ப் படம் போனது. என் மேசையில் லெப்டொப் மட்டும் பட்டரியில் ஓடியது. அதன் திரையில் பச்சைப் பட்டை கரைந்து, நடுவிலிருந்து அப்பாவின் இதயம் சுத்தமாக எழுந்து வந்தது. அச்சில் வார்த்தது மாதிரி, மேடு பள்ளம் எல்லாம் இருந்த இடத்தில்.

பரீட்சகர் எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமாகவே சிரித்தார். "அருமையான கருவி. நாடு கையில் காசில்லாமல் வங்குரோத்தாக இருக்கிற வரைக்கும் குறையில்லாமல் வேலை செய்யும்."

வேறு யாருக்காவது நடந்திருந்தால் இதை நானே சொல்லியிருப்பேன். அதனால்தான் அவ்வளவு வலித்தது.

பிறகு அவர் சிரிப்பதை நிறுத்தினார். ஜன்னல் வெளிச்சத்தில் என் அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக ஏச்சுத் தந்தார். அடிப்படை தெரியாமல் இரண்டு வருஷம் என்ன செய்தீர்கள்? வாழ்க்கையில் ஒரு பல்பையாவது போட்டுவிட்டு அளந்து பார்த்ததுண்டா? ஒவ்வொரு சுற்றிலும் அந்த மூன்று விரல் எழும்பும், "வயர்" என்ற சொல் வரும். அவர் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. நான் அழக்கூடாது என்பதற்காகத் தலையைக் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கவனித்தேன், துடிப்புகள் நெருங்கி வந்திருந்தன. ஒன்றின் காலை ஒன்று மிதித்துக்கொண்டு ஓடின. முதலில் இதுவும் ஏதோ இரைச்சல் என்றுதான் நினைத்தேன். அன்றைய நாளில் என் கருவி ஒன்றைச் சரியாகக் காட்டும் என்று நம்ப எனக்குக் காரணமில்லை. பரீட்சகர் குரலை உயர்த்தினார், கோடு இன்னும் நெருங்கியது. தண்ணீர் குடிக்க நிறுத்தினார், கொஞ்சம் விலகியது. மறுபடி தொடங்கினார், மறுபடி ஓடியது.

அப்பாவைப் பார்த்தேன். மடித்த சட்டை மடியில், கைகள் சட்டையின் மேல், கண் எதிர்ச் சுவரில். மில்லில் யாராவது கூலி பேரம் பேசும்போது வைத்திருப்பாரே, அதே முகம். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் தன் பிள்ளையை ஒருத்தர் திட்டுவது புரிய மொழி வேண்டியதில்லை. மிளகாய்க்காரர் முகத்துக்கு நேரே விரல் நீட்டிச் சத்தம் போட்டபோது அசையாத இதயம், என் முன்னால் மூன்று விரல் எழும்பும்போதெல்லாம் தறிகெட்டு ஓடியது. வெளியில் ஒரு மயிர்க்கால் அசையவில்லை.

"நான் சொல்வதைக் கவனிக்கிறீர்களா?" என்றார் பரீட்சகர்.

"ஆமாம் சேர்" என்றேன். அவரை அல்ல. ஆனால் என் வாழ்நாளில் எதையும் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

முடிவு: இப்போது தேர்ச்சி இல்லை. ஆறு மாதம் தருகிறோம், திரும்பச் செய்து கொண்டுவரலாம், விருப்பமில்லையென்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நிறுத்திக்கொள்ளலாம் என்பதை அவர் கொஞ்சம் அன்பாகவே சொன்னார். நான் பட்டைகளை உரித்தபோது அப்பா தோல் இழுபட்டு முகத்தைச் சுளித்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் பொதுவாகக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

பஸ் ஸ்டாண்டில் பிளேன்டீ வாங்கித் தந்தார். பஸ்ஸில் மறுபடி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். நான் பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு, ஏறினதிலிருந்து யோசித்து வைத்ததைச் சொன்னேன்.

"அப்பா, அந்த டீச்சர் வேலைக்கு நாளைக்கே எழுதிப் போடுறேன்."

அவருக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன். அடுத்த ஹோல்டில் ஆள் இறங்கி, பஸ் மறுபடி எடுத்த பிறகு கேட்டார்: "அந்த ஆளு மூணு மூணுன்னு காட்டிக்கிட்டே இருந்தாரே. அது நான் வேணாம்னு சொன்ன வயர்தானே?"

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். "ஆமாப்பா."

"எந்தக் காலு?"

"வலது கால்."

வேட்டியைக் கொஞ்சம் தூக்கி, கணுக்காலைக் குனிந்து பார்த்தார். அதை அன்றுதான் முதன்முதலாகச் சந்திக்கிறவர் மாதிரி பார்த்தார்.

"நாளைக்கே ஒட்டு" என்றார். "மோட்டர் ஓடுறப்பவே ஒட்டு." அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு தூங்கிவிட்டார், அல்லது தூங்குவது மாதிரி இருந்தார். அவர் நெஞ்சில் அப்போது பட்டை ஒட்டியிருக்கவில்லை, அதனால் எது என்று தெரியாது.

ஒட்டினேன். மாத்தளை டவுன் சனம் முழுக்கப் பார்த்திருக்க, மில் முதலாளி காலில் வயரோடு உட்கார்ந்திருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற மாதிரி வாயைக் கோணிய ஒருத்தரின் மஞ்சளை அப்பா அன்று கடைசியாகத்தான் அரைத்தார். மோட்டர் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது, கோட்டில் இரைச்சல் இல்லை. இந்த முறை நிஜமாகவே இல்லை. இரண்டாவது பரீட்சைக்கும் அதே பரீட்சகர் வந்தார், அதே அறை, எல்லா லைட்டும் எரிந்தன. நான் பதில் சொல்லிக்கொண்டே ஓரக்கண்ணால் திரையைப் பார்த்தேன். அப்பாவின் இதயம் பழைய நடைக்கு, கூலி பேசுகிற நடைக்குத் திரும்பியிருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் நன்றாகச் செய்கிறேன் என்று தெரிந்துகொண்டேன்.

டீச்சர் வெற்றிடம் வேறொருவருக்குப் போனது. அப்பா இப்போதும் "இது எப்ப முடியும்?" என்றுதான் கேட்கிறார்.

இந்த வருஷம் கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வேட்டை எழுதி முடித்தேன். மூன்றாவது வயர் ஏன் வேண்டும் என்பதற்கு, அது இல்லாத ஒரு பதிவை ஒப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. முதல் பரீட்சை நாளில் லெப்டொப் தன்பாட்டில் சேமித்து வைத்ததைப் போட்டேன்: முதல் பாதியில் பச்சைப் பட்டை, கரண்டு போன பிறகு சுத்தமான கோடு. மேற்பார்வையாளர் அந்தப் பக்கத்தில் பென்சிலால் வட்டம் போட்டு, இங்கே ஏன் துடிப்பு இவ்வளவு கூடியிருக்கிறது, நடந்துகொண்டிருந்தாரா, காய்ச்சலா என்று கேட்டிருந்தார். அவரும் அன்று அதே அறையில்தான் இருந்தார், கூரையைப் பார்த்துக்கொண்டு. பதிவு எடுத்த நேரத்தில் ஆள் எந்த நிலையில் இருந்தார் என்பதைப் படத்துக்குக் கீழே ஒரு வரியில் சொல்ல வேண்டும் என்பது முறை. நான் எழுதினேன்: "ஆண், ஆரோக்கியமானவர், கதிரையில் அமர்ந்து முழு ஓய்வில்."